மூலை வீட்டுத் தொட்டில் விளக்கு

ஈஸ்வர வருடம், ஐப்பசி 4

முத்திருளன் மில்லிலிருந்து ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வந்தான். “ஆத்தா, நீ வாயால வையிறதை எல்லாம் இதுல எழுது. வீட்டுல கொஞ்சம் அமைதியா இருக்கும்” என்றான். மகன் பேசுகிற பேச்சு.

என்னை மூணாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்து மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறப்பதில்லை. என் கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றாமல் போனவன் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பிறகு எதற்கு எழுத வேண்டும்? தெரியவில்லை. பென்சில் வாசனை நன்றாக இருக்கிறது.

வரட்டி எல்லாம் மழையில் நனைந்து போயிற்று.

ஐப்பசி 6

சோலையம்மாள் சந்திலிருந்து வந்து ரோட்டைக் கடந்து போனாள். நான் வாசலில்தான் நின்றேன். அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பதினோரு வருஷம். முன்பெல்லாம் “மதினி, மதினி” என்று ஒருவர் வீட்டு அடுப்பில் இன்னொருவர் நெருப்பு எடுத்தவர்கள்தான். என் மகள் தங்கப்பொண்ணு பிரசவத்தில் பிள்ளையோடு போன அன்றைக்கு அது முடிந்தது. ஊருக்கெல்லாம் அவள்தான் மருத்துவச்சி. என் வீட்டுக்கு மட்டும் நேரம் கழித்து வந்தாள்.

பேத்தி பிறந்தபோது மருமகளை அவள் தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். சோலையம்மாள் கை என் வீட்டுப் பிள்ளை மேல் படக்கூடாது.

ஐப்பசி 9

நல்ல மழை. விளக்கு வைக்கிற நேரம். வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. ஓட்டி வந்தவன் தலையில் சாக்கைப் போட்டிருந்தான். மேற்கேயிருந்து வருகிறவன்.

“ஆத்தா, மருத்துவச்சி சோலையம்மா வீடு எது? வண்டியை எந்தச் சந்துல விடணும்?”

நம் வீட்டை ஒட்டிய சந்துதான். உள்ளே ஐந்தாவது வீடு. கையை நீட்டினால் போதும்.

“அப்படி யாரும் இங்கன இல்லை” என்றேன்.

“விளாங்குடின்னுதான சொன்னாக?”

“இல்லைன்னா இல்லை. போ.”

கதவைச் சாத்தினேன். வண்டி திண்டுக்கல் ரோட்டோடு கிழக்கே போகிற சத்தம் கேட்டது. வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வான். ஊரில் வேறு வாசலே இல்லையா?

ஐப்பசி 10

எல்லா வாசலும் நேற்று மழைக்குச் சாத்தியிருந்தது என்று இன்று காலையில்தான் நினைப்பு வந்தது.

ஐப்பசி 12

முத்திருளன் மில்லு விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவன் சொன்னான். அவனோடு வேலை பார்க்கிறவன் ஒருவனுக்கு மேற்கே ஒரு பட்டி. அந்தப் பட்டியில் பேயாண்டி என்று ஒருத்தன். அவன் பெண்டாட்டிக்குத் தலைப்பிரசவம். அவர்கள் ஊர் மருத்துவச்சிக்குக் காய்ச்சல். அதனால் சோலையம்மாளைக் கூப்பிட வந்திருக்கிறான்.

“ஆரப்பாளையம் வரைக்கும் போயிட்டு, அங்கன ஒரு ஆளு சொல்லித் திரும்பி வந்திருக்கான் ஆத்தா. இவுக போய்ச் சேரையில எல்லாம் முடிஞ்சு போச்சு. தாய் பிழைச்சுக்கிட்டா. பிள்ளை போச்சு. ஆம்பளப் பிள்ளை.”

நான் ரசம் ஊற்றினேன்.

“நம்ம ஊருல யாரோ ஒரு கெழவி, அப்படி ஒருத்தி இங்க இல்லவே இல்லைன்னுட்டாளாம். யாரா இருக்கும்?”

“எனக்கு என்ன தெரியும்” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இலையைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்கவில்லை.

ஐப்பசி 13

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஐப்பசி 14

நானா கொன்றேன்? மழை கொன்றது. வழி தெரியாமல் வந்தவன் குற்றம். ஊருக்கெல்லாம் போகிற மருத்துவச்சி தன் வாசலில் ஒரு அடையாளம் வைத்திருக்க வேண்டாமா? தங்கப்பொண்ணு செத்தபோது எனக்கு யார் வந்து பதில் சொன்னார்கள்? அன்றைக்குப் பாடை எடுக்கும்போது சோலையம்மாள் எல்லார் காதிலும் விழ ஒரு வார்த்தை சொன்னாள், “ஆளனுப்ப நேரமாக்கிட்டீக” என்று. என் மகள் கிடக்கிறாள், என்னைப் பார்த்து அப்படிச் சொன்னாள். அந்தப் பழியைத்தான் நான் பதினோரு வருஷமாகச் சுமக்கிறேன்.

இதை எழுதிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ஐப்பசி 17, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். சாயங்காலம் முத்திருளன் எங்களையெல்லாம் ஆரப்பாளையம் பக்கம் கூட்டிப் போனான். அங்கே ஒரு லாட்ஜு வாசலில் பெட்டி ஒன்று தொங்குகிறது. உள்ளே கரண்டு பல்பு. முன்பக்கம் கண்ணாடி, அதில் சிவப்பாக எழுத்து. இருட்டுகிற நேரம் எழுத்து தானாக எரிகிற மாதிரி இருக்கிறது. எல்லாரும் பார்த்துவிட்டு நடந்தார்கள். எனக்கு மட்டும் கால் நகரவில்லை.

சோலையம்மாள் வாசலில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த வண்டிக்காரன் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டான். கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்கவும் மாட்டேன்.

“என்ன ஆத்தா, லாட்ஜுல ரூமு போடப் போறியா?” என்றான் முத்திருளன்.

ஐப்பசி 19

நம் ஊருக்குக் கரண்டு வரவில்லை. சிம்னி விளக்கு இருக்கிறது. கொல்லையில் காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று கிடந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கரிக்கட்டையால் முன்பக்கம் எழுதினேன்: மருத்துவச்சி சோலையம்மாள். தகரத்துக்குள் ஈரமணலை அடைத்துக்கொண்டு, எழுத்தின் மேலேயே ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். அவள் பேரைக் குத்துகிறேன் என்று கை கொஞ்சம் ஓங்கித்தான் விழுந்தது. இடது பெருவிரலில் அடி.

மருமகள் எட்டிப் பார்த்தாள். கோழிக்குக் கூண்டு என்றேன்.

ஐப்பசி 20

அந்தி நேரத்தில் உள்ளே விளக்கை வைத்து மூடினேன். பத்து எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. மூடியைத் திறந்து வைத்தால் எரிகிறது. ஆனால் புள்ளிகளில் வெளிச்சமே தெரியவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தகரம்தான் தெரிகிறது.

ஐப்பசி 21

உளி எடுத்து எழுத்துகளையே வெட்டினேன். ம, வ, ல என்று சுழி உள்ள எழுத்தில் எல்லாம் நடுத்தகரம் கழன்று கீழே விழுந்துவிட்டது. எழுத்துக்குப் பதில் ஓட்டை. எலி கடித்த மாதிரி இருக்கிறது. உட்கார்ந்து அழுதேன். தகரத்துக்காக அழவில்லை.

ஐப்பசி 22

தகரத்தைச் சேலையில் மூடி எடுத்துக்கொண்டு ஆரப்பாளையம் நடந்தேன். அங்கே சேக் மைதீன் என்று ஒருவர், ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயம் வைத்துக் கொடுப்பவர். டவுனில் தாய்மாமனிடம் கற்ற தொழில் என்பார். மூடியிருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, தகரத்தைக் கரையான் தின்ன மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க?” என்றார்.

சொன்னேன். யாருக்கு என்று சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை.

“வெளக்கும் நம்மளை மாதிரிதாம்மா, மூச்சு விடணும். கீழ ஓட்டை போடுங்க, காத்து வரட்டும். மேல நான் ஒரு புகைபோக்கி வச்சுத் தாரேன். மழைத்தண்ணி எறங்காம அதுக்கு ஒரு தொப்பி.” பிறகு எழுத்தைத் தடவிப் பார்த்தார். “பேரு இம்புட்டு நீளமா இருக்கே. இதைப் படிக்கப்போறது யாரு?”

“வண்டிக்காரங்க.”

“வண்டிக்காரன் படிப்பானாம்மா? படிச்சிருந்தா எங்க மச்சான் ஏன் வண்டி ஓட்டுறாரு?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் சிரிப்பு. உடனே அந்தப் பிள்ளை நினைப்பு வந்தது.

“எழுத்தை விடுங்க. பார்த்ததும் தெரியிற மாதிரி ஒரு படத்தை வெட்டுங்க” என்று சொல்லி, வேறு நல்ல தகரம் ஒன்று கொடுத்தார். புகைபோக்கியும் வைத்துத் தந்தார்.

ஐப்பசி 23

என்ன படம்? கரியால் தரையில் பிள்ளை வரைந்தேன். பூசணிக்காய் மாதிரி வந்தது. கை, கால் வைத்தேன். தவளை. மருமகள் இதற்கு மேல் கோழிக்கூண்டு கதையை நம்பவில்லை. மருத்துவச்சி வாசலுக்கு விளக்கு என்றேன். அவள்தான் சொன்னாள், “தொட்டில் வரைங்க அத்தை. மேல இருந்து ரெண்டு கோடு, கீழ ஒரு வளைவு. அம்புட்டுத்தான்.”

அம்புட்டுத்தான்.

ஐப்பசி 24, செவ்வாய்

மூணு மணிச் சங்கு ஊதினது மில்லில். உளி கையில் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

அட்சய வருஷம், ஆவணி மாசம். அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. இதே சங்கு ஊதினபோது தங்கப்பொண்ணுக்கு வலி பிடித்துவிட்டது. முத்திருளனுக்கு அப்போது பதினாலு வயசு. “சோலையம்மா அத்தையைக் கூட்டியாரவா ஆத்தா?” என்று வாசல் வரைக்கும் ஓடினான். நான்தான் நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமை மூணிலிருந்து நாலரை ராகுகாலம். தலைப்பிள்ளைக்கு ராகுகாலத்தில் ஆளனுப்புவதா? “கழியட்டும்டா, நாலரைக்குப் போ” என்றேன். அவ கத்துறா. பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவிக்கிட்டே இருந்தேன், இந்தா ஆச்சு, இந்தா ஆச்சுன்னு. எம்புட்டு ரத்தம். ஐஞ்சாவது வீடுதானே, கூப்பிட்டாக் கேக்குற தூரம்தானே. நான் கூப்பிடலையே. நானே கூப்பிடலையே.

நாலரைக்கு ஓடினான். சோலையம்மாள் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். அவள் நேரம் கழித்து வரவில்லை. கூப்பிட்ட உடனே வந்தாள்.

பதினோரு வருஷமாக இதை எனக்குள்ளேயே வேறு மாதிரிச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன் பார்.

ஐப்பசி 26

தொட்டிலை வெட்டி முடித்தேன். ஓரமெல்லாம் அரம் போட்டுத் தேய்த்தேன். பின்னால் வைக்க எண்ணெய்க் காகிதம் ஒட்டிப் பார்த்தேன், கருகிவிட்டது. உடைந்த சாமி படத்தின் கண்ணாடி இருந்தது, அதை வைத்தேன். வெறும் கண்ணாடியில் விளக்கின் சுடர் மட்டும் தெரிகிறது, தொட்டில் தெரியவில்லை. வெளிச்சத்தைப் பரப்ப ஒரு துணி வேண்டும், மெல்லிசாக.

துணி வைக்கிற டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு சேலை இருக்கிறது. என்னுடைய பழைய சிவப்புச் சுங்குடி. தங்கப்பொண்ணு பிள்ளைக்குத் தொட்டில் கட்ட, துவைத்துத் துவைத்து மெல்லிசாக்கி மடித்து வைத்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் அதை எடுத்ததில்லை.

ஐப்பசி 28

எடுத்தேன். ஒரு முழம் கிழித்தேன். கிழிகிற சத்தம் கேட்டு மருமகள் வந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு முன்னால் துணி, துணிக்கு முன்னால் தகரம். சூடு துணியில் படாது.

அந்திக்கு ஏற்றிப் பார்த்தோம். தொட்டில் சிவப்பாக எரிந்தது. சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் தனித்தனியாக மினுங்கின. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். தெரிகிறது. புளியமரம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கேயிருந்தும் தெரிகிறது.

முத்திருளன் மில்லிலிருந்து வந்தவன் ரோட்டிலேயே நின்றுவிட்டான். “யாருக்கு ஆத்தா?” என்றான். சொன்னேன். தலையிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். “அன்னைக்கு வந்த வண்டிகிட்ட…” என்று ஆரம்பித்தான். “ஆமாடா” என்றேன்.

கார்த்திகை 3, தீபம்

கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் இல்லை. இன்றைக்கு எல்லா வாசலிலும் விளக்கு. ஒரு விளக்கு கூடினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். எல்லாரும் சொக்கப்பனை பார்க்கப் போன நேரம், சந்துக்குள் போய் அவள் வாசல் வேம்பில் தொங்கவிட்டு வந்துவிட்டேன். திருடப் போனவள் மாதிரி நெஞ்சு அடித்தது. கொடுக்கப் போனவளுக்கு ஏன் அடிக்க வேண்டும்?

கார்த்திகை 4

காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். சோலையம்மாள் வந்தாள். கையில் பெட்டி. என் காலடியில் வைத்தாள்.

“ஒச்சாயி, இது உன் வேலைதான?” பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். “இந்தச் சுங்குடி எனக்குத் தெரியும். இதை நீ கட்டிக்கிட்டு என் மகன் காதுகுத்துக்கு வந்தே.”

அவளுக்கும் மறப்பதில்லை போலிருக்கிறது.

“அன்னைக்கு வண்டிக்காரன்கிட்ட நான்தான்…” என்றேன்.

“தெரியும். பேயாண்டி வண்டியிலயே சொன்னான். மூலை வீடு, ரெண்டு மூக்குத்தி போட்ட கெழவின்னு. விளாங்குடியில ரெட்டை மூக்குத்தி வேற யாருக்கு இருக்கு?”

“ஏன் என்னைக் கேட்கல?”

“உன்கிட்ட என்னத்தைக் கேட்க? தங்கப்பொண்ணு விசயத்தையே நான் கேட்கல. முத்திருளன் அன்னைக்கு ஓடியாந்து, ‘ஆத்தா ராகுகாலம் கழியட்டும்னுச்சு’ன்னுதான் அழுதான். ஆளனுப்ப நேரமாச்சுன்னு மட்டும் சொன்னேன். ஏன் ஆச்சுன்னு இன்னை வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. நீ என் மேல பழி போட்டுப் பேசினப்பவும் சொல்லல.”

கையிலிருந்த சாணிச்சட்டி எப்போது கீழே போனது என்று தெரியாது. அவளுக்குத் தெரியும். என் மகனுக்குத் தெரியும். பதினோரு வருஷமாக என் வாயைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் சும்மா இருந்திருக்கிறார்கள்.

அவள் போகத் திரும்பினாள். நான் பெட்டியைத் தூக்கி நீட்டினேன்.

“எனக்கு வேண்டாம். சந்துக்குள்ள ஐஞ்சாவது வீட்டுல தொங்கவிட்டா ரோட்டுல வாரவனுக்குத் தெரியுமா? மேக்கயிருந்து வாரவன் முதல்ல பாக்குறது உன் வீட்டைத்தான். உன் வாசல்ல மாட்டு. தெனமும் நீயே ஏத்து. வந்து கேக்குறவனுக்கு நீயே சொல்லு.”

கார்த்திகை 5

மாட்டினேன். முத்திருளன் மூங்கில் நட்டுக் கொடுத்தான். அடியில் சந்துப் பக்கம் பார்த்து ஒரு தகரக் கையும் வைத்தான்.

கார்த்திகை 19

தினமும் எண்ணெய் ஊற்றுகிறேன், திரி கத்தரிக்கிறேன், சிம்னி துடைக்கிறேன். வெளிச்சம் வரும்போது சில நாள் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறேன். இதுவரை இரண்டு வண்டி வந்தது. கையைக் காட்டினேன்.

கார்த்திகை 27

வைக்கோல் வண்டி ஒன்று சாயங்காலம் மேற்கே திரும்பிப் போகையில் வாசலில் நின்றது. ஓட்டியவன் தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்ததும் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அன்றைக்கு மழையில் வந்தவன்.

“யாரு ஆத்தா வச்சது?”

“நான்தான்” என்றேன். உள்ளே போய்விடலாம் என்று கால் திரும்பியது. நின்றேன். “அன்னைக்கு இல்லைன்னு சொன்னதும் நான்தான்யா. வீடு தெரிஞ்சேதான் சொன்னேன்.”

வைதால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். பேயாண்டி சாட்டையை மடியில் வைத்துக்கொண்டான். மாடு தானாக நடந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழி 8

பேத்தி பொழுது சாய்ந்தால் வாசலுக்கு ஓடி, “தொட்டி, தொட்டி” என்கிறாள். அதில் பிள்ளை எங்கே என்று காட்டச் சொல்கிறாள். தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

தை 12, செவ்வாய்

மூணு மணிச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் இருக்கும். நல்ல வெயில். விளக்கு ஏற்றுகிற நேரம் இல்லை. வாசலில் வண்டி நின்றது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபது வயசுகூட இராது. மூச்சு வாங்குகிறது.

“தொட்டில் போட்ட வீடுன்னாக. இதான ஆத்தா? பகல்ல வெளக்கு எரியாம அடையாளமே தெரியல. வீட்டுல என் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு. மருத்துவச்சி வீடு…”

வண்டிக்குள்ளிருந்து ஒரு பொம்பளை தலையை நீட்டினாள். என் வயசுதான். அவனுடைய மாமியாராம். “அவசரப்படாதப்பா. ராகுகாலம் நடக்குது. அந்த மரத்து நிழல்ல வண்டியை நிறுத்து. நாலரை ஆகட்டும், போயிக் கூப்பிடுவோம்” என்றாள்.

மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். “ஏய், ஏய்” என்று அவள் கத்தக் கத்த வண்டியைச் சந்துக்குள் திருப்பி, முன்னால் நடந்தேன். பாதி வழியில் நடை போதவில்லை. கயிற்றை அந்தத் தம்பி கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.

ஐந்தாவது வீடு. கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினேன்.

“மதினி” என்று கூப்பிட்டேன்.